முறை வைத்த நீர்: ஓமன் உள்நாட்டில் ஏழு நாட்கள்

முதல் நாள்: மஸ்கட்டிலிருந்து நிஸ்வாவுக்கு

என் தம்பி பதினோரு ஆண்டுகளாக ஓமன் நாட்டின் நிஸ்வா நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறான். ஒவ்வோர் ஆண்டும் அழைப்பான். பள்ளி வேலையைக் காரணம் காட்டி நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். "பெருநாள் முடிந்த மறுவாரம் வா அக்கா, ஊரும் ஓய்ந்திருக்கும், மலையில் ரோஜாவும் பூத்திருக்கும்" என்று அவன் சொன்னதன்பேரில் இன்று காலை மஸ்கட்டில் இறங்கினேன்.

விமான நிலையத்தில் ரூபாயை ரியாலாக மாற்றியபோதே முதல் வியப்பு காத்திருந்தது. ஒரு ரியாலுக்கு 1000 பைசா. அரபியில் எழுத்துப் பிசகாமல் 'பைஸா' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். 1970 வரை இந்நாட்டில் வளைகுடாவுக்கென இந்தியா அச்சிட்ட ரூபாயே புழங்கியது என்பதைப் படித்திருந்தாலும், அந்தச் சொல்லைக் கையில் நாணயமாகத் தொட்டுப் பார்ப்பது வேறு அனுபவம்.

முத்ரா கடைவீதியில் ஒரு மணி நேரம் நடந்தோம். நான் கவனித்தது பொருள்களைவிட மனிதர்களின் உடையைத்தான். ஓமானிய ஆண்கள் அணியும் திஷ்தாஷா என்ற நீண்ட அங்கிக்குக் கழுத்துப் பட்டை கிடையாது. அதற்குப் பதிலாகக் கழுத்தருகே ஒரு சிறு நூல் குஞ்சம் தொங்குகிறது. அதற்கு ஃபுராகா என்று பெயர். அதை அத்தரில் தோய்த்துக்கொள்வார்கள். தலையில் கும்மா எனப்படும் பூவேலைத் தொப்பி. அதன் மேல் இருக்கும் நுண்ணிய துளைகள் ஒவ்வொன்றையும் ஊசியால் எடுத்து, சுற்றிலும் நூலால் கட்டியிருக்கிறார்கள். ஒரு தொப்பியைக் கையால் தைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்றும், பெரும்பாலும் வீட்டுப் பெண்களே தைக்கிறார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார். அலுவலகத்துக்குச் செல்பவர்களும் இதே உடையில்தான் போகிறார்கள். முறையான நிகழ்ச்சியென்றால் தொப்பிக்கு மேல் மஸ்ஸர் என்ற தலைப்பாகை ஏறும். மஸ்ஸருக்குரிய நல்ல துணி காஷ்மீர்க் கம்பளித் துணி.

நிஸ்வா இங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கிறது. வழியெல்லாம் புல்கூட முளைக்காத பழுப்பு மலைகள். இந்த நாட்டில் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்போதே எனக்குள் எழுந்துவிட்டது.

இரண்டாம் நாள்: ஒரு வீட்டுக்குள்

தம்பியுடன் பணிபுரியும் நிஸ்வாக்காரர் ஒருவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். வாசலிலேயே நாங்கள் பிரிந்தோம். தம்பி ஆண்களின் மஜ்லிஸ் பக்கம் போனான். நானும் தம்பியின் மனைவியும் பக்கவாட்டு வாயில் வழியாகப் பெண்களின் கூடத்துக்குச் சென்றோம். மஜ்லிஸ் என்றால் அமரும் இடம் என்று பொருள். விருந்தினருக்கென்றே ஒதுக்கிய அறை அது. வீட்டுக்குள் போகாமலேயே வெளியிலிருந்து அதற்குள் நுழைய முடியும்.

உள்ளே ஒன்பது பெண்கள் சுவரோரம் மெத்தைகளில் அமர்ந்திருந்தனர். நாங்கள் நுழைந்ததும் அனைவரும் எழுந்து நின்றார்கள். வலப்புறம் முதலாவதாக நின்றவரிடமிருந்து தொடங்கி, ஒருவரையும் விடாமல், ஒவ்வொருவர் கையையும் பற்றி வணக்கம் சொல்லிக்கொண்டே கடைசிவரை போக வேண்டும் என்று தம்பியின் மனைவி காரிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். அறையில் முக்கியமானவர் யார் என்று தேடி அவரிடம் நேராகப் போவது இங்கே மரியாதைக் குறைவு. எண்பது வயது மூதாட்டிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் வரிசையில் ஒரே இடம்.

வீட்டின் மூத்த பெண்மணியை அனைவரும் 'உம்மு' என்ற சொல்லோடு அவருடைய மூத்த மகனின் பெயரைச் சேர்த்து அழைத்தார்கள். ஒரு பெண்ணின் சொந்தப் பெயரை ஆண்கள் கூடும் இடத்தில் சொல்வதில்லை என்ற பழைய நாகரிகம் இதன் பின்னால் இருக்கிறது. நானோ இளையான்குடிப் பள்ளியில் படித்தவள். தோழியர் வீடுகளில் 'உம்மா' என்று அழைத்தே வளர்ந்ததால், என்னையறியாமல் அவரையும் 'உம்மா' என்றுவிட்டேன். அவர் முகம் மலர்ந்து, அந்தச் சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்கும்படி பேத்தியிடம் சொன்னார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் தாய்க்கு அதுதான் பெயர் என்று சொன்னபோது, அந்தக் கூடம் முழுவதும் ஒரு மகிழ்ச்சி பரவியது.

அமர்ந்ததும் உம்மா, செய்தி ஏதேனும் உண்டா என்று என்னைக் கேட்டார். எதுவுமில்லை, எல்லாம் நலம் என்பதுதான் அதற்குரிய விடை. பின்னர் மற்றொருவர் கேட்டார். அவருக்கும் அதே விடை. ஓமன் உள்நாட்டில் விருந்தினரிடம் இவ்வாறு செய்தி கேட்பது மிகப் பழைய வழக்கமாம். கேள்வியும் பதிலும் முன்பே முடிவானவை என்றால் எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெறும் சடங்கென்றே நினைத்தேன்.

முதலில் பழத்தட்டு வந்தது, அடுத்து பேரீச்சம்பழம், அடுத்து அல்வா. ஓமானிய அல்வாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் ஆகியவற்றைப் பெரிய செம்புக் கொப்பரையில் இட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கை ஓயாமல் கிண்டுகிறார்கள். நம் திருநெல்வேலி அல்வாவைப் போலவே அடுப்படியில் நிற்பவரின் தோள் வலிமைதான் இதன் பக்குவமும். ஆனால் இது கூழுக்கும் கட்டிக்கும் இடைப்பட்ட பதத்தில் கிண்ணத்திலேயே கிடக்கும். வலக்கையின் விரல் நுனிகளால் சிறிது எடுத்து உண்ண வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 'மஸ்கட்' என்றே ஓர் இனிப்பு விற்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் மஸ்கோத் அல்வாவின் பெயரிலும் இந்த ஊர் ஒலிக்கிறது. அந்தப் பெயர்களின் மூலத்தை இன்று நாக்கால் அறிந்தேன்.

இனிப்புக்குப் பிறகே கஹ்வா. சர்க்கரை சேர்க்காத, ஏலக்காய் மணக்கும், இளம் பழுப்பு நிறக் காப்பி. வீட்டின் இளைய பெண் இடக்கையில் தல்லா என்ற கூசாவையும் வலக்கையில் கைப்பிடியில்லாச் சிறு கோப்பைகளின் அடுக்கையும் ஏந்தி நின்றபடியே ஊற்றினாள். கோப்பையில் கால் பாகம்தான் ஊற்றுவார்கள். குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள். நான் மூன்று முறை நீட்டினேன், நான்காவது முறையும் ஊற்றிவிட்டாள். தம்பியின் மனைவி என் முழங்கையைத் தொட்டு, "கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்டுங்கள் அக்கா, அப்போதுதான் போதும் என்று அர்த்தம்" என்றாள். ஆட்டினேன், அந்தப் பெண் புன்னகையுடன் வாங்கிக்கொண்டாள். ஏன் கால் கோப்பை மட்டும் என்று கேட்டதற்கு அவளே ஆங்கிலத்தில் விளக்கினாள். கொஞ்சமாக ஊற்றினால் ஆறாமல் சூடாகக் குடிக்கலாம், அடிக்கடி ஊற்ற வேண்டியிருப்பதால் ஊற்றுபவரின் கவனம் விருந்தினர் மீதே இருக்கும். கோப்பை நிறைய ஊற்றிவிட்டால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொல்வதாகப் பொருள்.

கடைசியாகப் புகைக்கலசம் வந்தது. கனன்ற கரியின்மேல் குந்திரிக்கமும் நறுமணக் கட்டையும் புகைந்தன. ஒவ்வொருவரும் அதைக் கையில் வாங்கி, முக்காட்டை விலக்கிக் கூந்தலுக்குள் புகையை விட்டுக்கொண்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் என் பாட்டி கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் என் தலையை உலர்த்துவது நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது. புகையால் என்று அவர்கள் நினைத்துக்கொண்டது நல்லதாயிற்று. பின்னர் நீண்ட கழுத்துள்ள வெள்ளிப் பாத்திரத்திலிருந்து எங்கள் கைகளில் பன்னீர் தெளித்தார்கள். நம் திருமண வாசலில் இருக்கும் பன்னீர்ச்செம்பேதான். 'ஊதுக்குப் பின் உட்காருதல் இல்லை' என்று அரபியில் ஒரு பழமொழி உண்டாம். மணப்புகை வந்துவிட்டால் விருந்து நிறைவடைந்தது, இனி எழலாம். 'புறப்படுங்கள்' என்று வீட்டாரும் சொல்ல வேண்டியதில்லை, 'வருகிறோம்' என்று எப்போது சொல்வது என விருந்தினரும் தவிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்: வெள்ளிக்கிழமைச் சந்தை

நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமைகளில் விடியும்போதே கூடி, தொழுகைக்கு வெகு முன்னதாகக் கலைந்துவிடும். நாங்கள் ஏழு மணிக்கு முன்பே போய்விட்டோம். நடுவே நிழற்கூரையுடன் ஒரு வட்ட மேடை, அதைச் சுற்றி நடைபாதை, வெளிவட்டத்தில் வாங்குவோர். உள்வட்டத்திலும் வெளிவட்டத்திலும் மக்கள் அமர்ந்திருக்க, இடையே விற்பவர்களும் தல்லால் என்ற தரகர்களும் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு, விலையைக் கூவியபடி சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். வாங்க விரும்புபவர் கைகாட்டி நிறுத்தி, பல்லைப் பார்க்கிறார், முதுகெலும்பைத் தடவுகிறார், மடியை அழுத்திப் பார்க்கிறார். பிறகு ஒரு விலை சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு தரகர் மேலே நடக்கிறார். அடுத்தவர் கூட்டிக் கேட்கிறார். நம்மூர் மாட்டுத் தாவணியில் துண்டுக்குள் விரலைப் பிடித்து இரகசியமாக விலை பேசுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, எல்லார் காதிலும் விழும்படி விலை ஏறுவது புதுமையாக இருந்தது.

முகத்தில் நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் விறைப்பான முகமூடி அணிந்த பாலைவனப் பெண்கள் சிலர், ஆண்களுக்கு இணையாக அமர்ந்து ஆட்டுக்கு விலை கேட்டார்கள். படமெடுக்க என் கை தானாக எழுந்தது, தம்பி தடுத்தான். பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது இங்கே பெருங்குற்றமாகக் கருதப்படும். கேட்டாலும் பெரும்பாலும் மறுப்பார்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணால் பார்த்தேன்.

பெருநாளுக்கு முன் கூடும் ஹப்தா சந்தைதான் ஆண்டின் மிகப் பெரியதாம். அதில் வாங்கிய ஆடு பெருநாளில் ஷுவா ஆகும். மசாலை தடவிய இறைச்சியை வாழை இலையிலோ ஈச்ச ஓலையிலோ பொதிந்து, ஓலைப் பைகளில் இட்டு, ஒவ்வொரு வீட்டாரும் தம் பையில் அடையாளம் வைத்துக் கட்டி, ஊர்ப் பொதுவில் வெட்டிய ஆழ்குழியின் நெருப்பில் இறக்கி மண்ணால் மூடிவிடுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, எல்லாரும் கூடித்தான் குழியைத் திறப்பார்கள். அத்தகைய குழி ஒன்றைத் தம்பி காட்டினான். சென்ற வாரம் பெருநாள் முடிந்துவிட்டதால் சாம்பல் மட்டுமே இருந்தது.

சந்தைக்கு அருகிலேயே கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் ஸைஃப் அல் யாருபி பன்னிரண்டு ஆண்டுகள் கட்டியது என்கிறார்கள். அதன் மாபெரும் வட்டக் கோபுரத்தின் படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்கு மேல் ஒரு துளை, பகைவர் மேல் கொதிக்கும் பேரீச்சைப் பாகை ஊற்றுவதற்கு. கோட்டையை விட, இமாமைப் பற்றிக் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஓமனில் பரவலாகப் பின்பற்றப்படும் இபாதி என்ற இஸ்லாமியப் பிரிவின் நெறியில், நாட்டை ஆளும் தலைவரான இமாம் பிறப்பால் வருபவர் அல்லர். கற்றறிந்த பெரியோர் கூடித் தேர்ந்தெடுப்பவர். நடைமுறையில் பட்டம் ஒரே குடும்பத்துக்குள் சென்ற காலங்களும் உண்டு. யாருபி வம்சம் அப்படித்தான் தொடர்ந்தது. ஆயினும் நெறி நெறியாகவே நின்றிருக்கிறது.

நான்காம் நாள்: ஃபலஜ்

நேற்று முன்தினம் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். செய்தி கேட்பதை வெறும் சடங்கு என்று எழுதியிருந்தேன். இன்று காலை தம்பியின் நண்பர் அதற்கு விளக்கம் சொன்னார். சாவோ சண்டையோ, கெட்ட செய்தி இருந்தாலும் விருந்தினர் முதலில் 'எதுவுமில்லை' என்றே சொல்வார். உண்டு குடித்து இளைப்பாறிய பிறகு, உரியவரிடம் உரிய சொல்லில் அதைச் சொல்வார். வழிப்போக்கர் ஒருவரே ஊருக்குச் செய்தி கொண்டுவந்த காலத்தில், அச்செய்தி கூட்டத்தின் நடுவே இடிபோல் விழாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. நான் அவசரப்பட்டுவிட்டேன்.

இனி நீர். நிஸ்வாவை வாழவைப்பது ஃபலஜ் தாரிஸ் என்ற கால்வாய். மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைக் கண்டு ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டுகிறார்கள். அதற்கு 'ஃபலஜின் தாய்' என்றே பெயர். அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். மண்ணை வெளியே எடுக்கவும், பின்னாளில் இறங்கித் தூர் வாரவும் வழியெங்கும் செங்குத்துத் துளைகள். ஊரை நெருங்கும்போது நீர் தானாகவே தரைமட்டத்துக்கு வந்து வெளிப்படுகிறது. ஏற்றமும் இல்லை, இயந்திரமும் இல்லை. இத்தகைய ஃபலஜ்கள் ஓமனில் ஏறத்தாழ 3000 இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. தாரிஸும் அவற்றில் ஒன்று. ஃபலஜ் என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் 'பங்கிடுதல்'.

வெளிப்பட்ட நீருக்கு முதலில் குடிநீர்த்துறை. அங்கே யாரும் கைகால்கூடக் கழுவக்கூடாது. அடுத்து பள்ளிவாசலில் உளூ செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் இடம், ஆண்கள் குளிக்கும் மறைவு, பெண்கள் குளிக்கும் மறைவு. இவையெல்லாம் பொது, வழிப்போக்கருக்கும் உரிமை உண்டு. அவற்றைத் தாண்டிய பிறகே நீர் பங்குக்கு உரியதாகிறது. முதலில் பேரீச்சந் தோப்பு, மிஞ்சினால் பருவப் பயிர். பங்கை நீரின் அளவால் அல்லாமல் நேரத்தால் அளக்கிறார்கள். அரை மணி நேரம் ஓர் 'அதர்'. இன்னாருக்கு இத்தனை அதர் என்று தலைமுறை தலைமுறையாகப் பங்கு வருகிறது. அதை விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்கு விடலாம், பள்ளிவாசலுக்கு எழுதிவைக்கலாம். பகலில் நட்டு வைத்த கம்பின் நிழலைக் கொண்டும், இரவில் விண்மீன்கள் எழுவதைக் கொண்டும் நேரம் கணித்தார்கள். இப்போது கைக்கடிகாரம் வந்துவிட்டது. சில ஊர்களில் நிழற்கம்பு இன்னும் நிற்கிறது. ஃபலஜுக்கே சொந்தமான சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் தூர் வாருகிறார்கள்.

நான் கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்தவள். மடையைத் திறந்து, வயல் வயலாக முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சிக்குக் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்ததைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தப் பணியைச் செய்பவர் 'அரீஃப்'. முழுப் பொறுப்பாளர் 'வகீல்'. நம் நீதிமன்றத்து வக்கீலும் இதே சொல்தான். நம் கண்மாய்களைக் காத்த குடிமராமத்தில் உள்ள 'மராமத்து'கூட அரபியிலிருந்து வந்தது. சொல் நம்மிடம் தங்கிவிட்டது. என் ஊரில் அந்த நீர்ப்பாய்ச்சியின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கண்மாயின் பாதி சீமைக்கருவேலமாகிவிட்டது. தாரிஸின் கரையில், தெளிந்த நீருக்குள் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த அரை மணி நேரம், ஓர் அதர், என் மனம் ஊரிலேயே இருந்தது.

மாலையில் மிஸ்ஃபா அல் அப்ரியீன் என்ற மலையூருக்குப் போனோம். பாறைமேல் பாறையாக அடுக்கிய மண் வீடுகள், அவற்றின் கீழே படிப்படியான தோட்டங்கள், எல்லாவற்றுக்கும் நடுவே ஓடும் ஃபலஜ். தோள்களும் முழங்கால்களும் மறையும்படி உடுத்தி வருமாறு வாசலில் அறிவிப்பு இருக்கிறது. அங்கே ஊர்ப் பொதுக்கூடமான சப்லாவை வெளியிலிருந்து பார்த்தேன். திருமண விருந்து, மூன்று நாள் துக்க விசாரணை, வழக்குத் தீர்த்தல், நீர்ப்பங்கு பேசுதல் யாவும் ஆண்கள் கூடும் அந்த ஒரே கூடத்தில்தான் நடக்கும். இளைஞர்கள் ஓரமாக அமர்ந்து, பெரியவர்கள் பேசும் முறையைக் கேட்டே பேசக் கற்கிறார்கள் என்று தம்பியின் நண்பர் பெருமையோடு சொன்னார். பெண்களுக்கு அந்தக் கல்வி எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "என் தாயாரின் கூடத்தில் நீங்கள் பார்த்தீர்களே" என்றார். அது முழு விடையல்ல என்றே எனக்குப் படுகிறது. நீர்ப்பங்கு பெண்களுக்கும் சொத்தாக வருகிறது. அதைப் பற்றிப் பேசும் கூடத்தில் அவர்கள் அமர்வதில்லை.

ஐந்தாம் நாள்: பச்சை மலை

ஜபல் அக்தர், அதாவது பச்சை மலை, ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் பிர்கத் அல் மவ்ஸ் என்ற ஊர் வருகிறது. அங்குள்ள ஃபலஜ் அல் கத்மீனும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அதில் ஓரிடத்தைக் காண்பதற்காகவே வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரே கால்வாயாக வரும் நீர், கல்லால் கட்டிய ஒரு பிரிவில் மூன்றாகப் பிரிகிறது. மூன்றும் சம அளவு என்பதுதான் அதைக் கட்டியவரின் திறமைக்குச் சான்றாக இன்றும் காட்டப்படுகிறது. ஒரு ஈச்சங்கொட்டையைப் போட்டுப் பார்த்தேன். அது நடுவழியில் போயிற்று. அருகில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் இன்னும் இரண்டு போடும்படி சைகை காட்டினார்கள். எங்கே போகும் என்று அவர்களுக்குள் பந்தயம்.

மலைமேல் ஸைக் மேடு ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். செங்குத்தான பாதையென்பதால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை மட்டுமே காவலர்கள் அனுமதிக்கிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை அங்கே ரோஜாப் பருவம். விடியற்காலையில் பறித்த இதழ்களைச் செம்புக் கலத்தில் நிரப்பி மண் அடுப்பில் ஏற்றி, மேலே குளிர்ந்த நீர் வைத்த கிண்ணத்தால் மூடிவிடுகிறார்கள். ஆவி எழுந்து குளிர்ந்த அடிப்பாகத்தில் பட்டு, உள்ளே வைத்த சிறு பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மேல் நீர் சூடானால் மாற்ற வேண்டும். பல மணி நேர வேலை. இவ்வாறு வடித்த பன்னீரில் புகைமணம் ஏறியிருக்கும். கடையில் வாங்கும் தெளிவான பன்னீரைவிட இதையே வீடுகளில் விரும்புகிறார்கள். கஹ்வாவிலும் அல்வாவிலும் இந்த நாட்களில் நான் உணர்ந்த, பெயர் தெரியாத அந்த இலேசான கரிவாசம் இதுதான். வடித்துக்கொண்டிருந்த முதியவர் என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். ஒரு குப்பி வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள்: கடலோரம்

நீண்ட பயணம், சுருக்கமாக எழுதுகிறேன். சூர் துறைமுகத்தில் 1951இல் கட்டப்பட்ட 'ஃபதஹ் அல் கைர்' என்ற பெரிய மரக்கலத்தைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இவ்வூர்க் கப்பல்களுக்குத் தேக்கு மலபாரிலிருந்து வந்தது. ஆணி புகுவதற்கு முன்பு, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தே கலம் கட்டினார்கள். அதே முறையில் தைத்த 'மஸ்கட்டின் மணி' என்ற கப்பல் 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வரை பாய்விரித்துச் சென்றது.

திரும்பும் வழியில் கல்ஹாத். இன்று அங்கே நிற்பது பீபி மரியம் சமாதி ஒன்றே. மற்றதெல்லாம் சிதைந்த கல். 13ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து குதிரைகள் இந்தியாவுக்கு ஏற்றுமதியானதை மார்கோ போலோ குறித்திருக்கிறார். பாண்டியரின் காயல் துறையில் அரபுக் குதிரைகள் இறங்கியதையும் அவர் சொல்கிறார். அந்தச் சமாதியின் மேடையில் நின்றபோது எதிரே தெரிந்த கடலுக்கு அப்பால் தாமிரபரணி முகத்துவாரம் இருக்கிறது என்ற எண்ணம் என்னை விடவில்லை.

ஏழாம் நாள்: மறு விருந்து

நாளை அதிகாலை புறப்பாடு. போன விருந்துக்கு மறுவிருந்து கொடுக்காமல் ஊர் திரும்புவது நம் வழக்கத்திலும் இல்லை, அவர்கள் வழக்கத்திலும் இல்லை என்பதால், உம்மாவையும் அவர் வீட்டுப் பெண்களையும் தம்பி வீட்டுக்கு அழைத்திருந்தோம். காலை முழுவதும் நானும் தம்பியின் மனைவியும் அடுக்களையில் இருந்தோம். கேசரி, மெதுவடை, தேங்காய்ச் சட்டினி, கடைசியாக வடிகட்டிய காப்பி.

காப்பியில்தான் எங்களுக்குச் சிக்கல். நம் வீட்டில் விருந்தினருக்குத் தம்ளர் நுரை ததும்ப நிரம்பியிருக்க வேண்டும். முக்கால் தம்ளர் கொடுத்தால், 'அளந்து ஊற்றினாள்' என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். அவர்களுக்கோ நிறைந்த கோப்பை என்றால் எழுந்து போகச் சொல்வது. இருவரும் கலந்து பேசி, அவர்கள் முறைப்படியே சின்னக் கோப்பைகளில் சிறிது சிறிதாக ஊற்றுவது என்று முடிவு செய்தோம்.

ஆறு பெண்கள் வந்தார்கள். நாங்கள் எழுந்து நின்றோம். அவர்கள் வலப்புறத்திலிருந்து தொடங்கி எங்கள் கைகளைப் பற்றினார்கள். இந்த முறை நான்தான் செய்தி ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டியவள். பேத்தி சொல்லிக் கொடுத்த அரபிச் சொற்களில் கேட்டேன். "எதுவுமில்லை" என்றார் உம்மா. வடையை ஒவ்வொருவரும் வலக்கையால் பிட்டு உண்டார்கள். கேசரியை முகர்ந்து பார்த்து, இதில் ஏன் பன்னீர் இல்லை என்று ஒருவர் கேட்டார். மலையில் வாங்கிய குப்பியைத் திறந்து அவர் கேசரியில் இரண்டு சொட்டு விட்டேன். உடனே எல்லாத் தட்டுகளும் நீண்டன.

பிறகு சின்னக் கோப்பைகளில் கால் பாகம் காப்பி ஊற்றினேன். உம்மாவின் பார்வை அலமாரியில் அடுக்கியிருந்த பித்தளைத் தம்ளர், வட்டாக்கள் மேல் சென்றது. அவை எதற்கு என்று கேட்டார். நான் சொல்லத் தயங்கினேன். தம்பியின் மனைவி உண்மையைச் சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் காப்பி குடிப்பது அவற்றில்தான், நிரப்பித்தான் கொடுப்போம், உங்கள் முறையை மதித்து எடுத்துவைத்துவிட்டோம் என்றாள். பேத்தி அதை மொழிபெயர்த்து முடிக்கும்வரை உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் தம் கோப்பையை ஆட்டாமல் அப்படியே கீழே வைத்துவிட்டு, தம்ளரைச் சுட்டிக் காட்டினார். இது உங்கள் வீடு, உங்கள் வீட்டில் எப்படியோ அப்படி எனக்கு ஊற்றுங்கள் என்று சொல்வதாகப் பேத்தி சொன்னாள்.

பாலைச் சுண்டக் காய்ச்சி, இறுத்து வைத்திருந்த டிக்காஷனைக் கலந்து, ஆற்றி, விளிம்பு வரை நுரை ததும்ப வட்டாவோடு அவர் முன் வைத்தேன். வட்டாவை என்ன செய்வது என்று காட்டினேன். எண்பது வயதைக் கடந்த அந்தக் கைகள், சூடு தாங்காமல் முக்காட்டின் நுனியால் தம்ளரைப் பிடித்து, கொஞ்சங் கொஞ்சமாக வட்டாவில் சாய்த்து, ஒரு சொட்டு மீதமில்லாமல் குடித்து முடித்தன. நான் பாத்திரத்தோடு மறுபடியும் குனிந்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய பித்தளைத் தம்ளரை இரு விரல்களால் தூக்கி, இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டினார்.